பனிக்கல்லும் தேர்க்கட்டையும்

பனியில் நடக்கும் விளையாட்டுகளைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருக்கின்றன. பனியைத்தான் பார்த்ததில்லை. எங்கள் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அம்மா கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பதும், மார்கழி விடியலில் இராஜபாளையம் பஸ்ஸின் ஜன்னல் கம்பி கையில் சில்லென்று படுவதும்தான் எனக்குத் தெரிந்த குளிர். ஆனாலும் போன மாசியில், ஆகாயத்திலிருந்து பறந்து வந்து இறங்கும் ஒருவன் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றினால், "ஒரு கால முன்ன வைக்கணும்லா, மார்க்கு போச்சு" என்று சொல்லுமளவுக்கு எங்கள் வீடே தேறியிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் வலது முட்டி.

அப்பா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ப்ளோ ரூமில் வேலை பார்க்கிறார். பஞ்சுப் பொதியைப் பிரித்து, உதறி, தூசி எடுக்கும் இடம் அது. முட்டியில் ஜவ்வு கிழிந்து மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு மாதம் ஓய்வு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வெளியே நடக்கும்போது கைத்தடி ஊன்ற வேண்டும். இரண்டு, இனி குத்தவைத்து உட்காரக் கூடாது. அந்த நிலையில் கனமான எதையும் தூக்கவே கூடாது.

முதலாவதை அப்பா அன்றே தள்ளுபடி செய்தார். நான் வாங்கிவந்த கைத்தடி, காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. "அம்பத்திமூணு வயசுல கம்பு ஊனி தெருவுல போனா, என்னய எவனாவது ஐயா தாத்தான்னுருவான்" என்றார். இரண்டாவதுதான் சங்கடம். அப்பா தேருக்குக் கட்டை போடுகிறவர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடிப்பூரத்தன்று எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும். வடம் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். ஆனால் அத்தனை பேராலும் இழுக்கத்தான் முடியும், திருப்ப முடியாது. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே சிலர் நடப்பார்கள். சரிந்த முகம் கொண்ட கனத்த மரக்கட்டை ஒன்று அவர்கள் கையில் இருக்கும். உருண்டு வரும் சக்கரத்தின் முன்னால், சரியான இடத்தில், சரியான சாய்வில், அதைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தேர் முனகிக்கொண்டு திரும்பும், அல்லது நிற்கும். இப்போது தேருக்கு பிரேக் எல்லாம் உண்டு. இருந்தாலும் ரத வீதி மூலையில் கட்டை இல்லாமல் காரியம் ஆகாது. வலது முன்சக்கரம் அப்பாவுடையது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக வயல் கிடையாது, பள்ளிக்கூடப் படிப்பு என்னோடுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அந்தச் சக்கரத்தைச் சொல்லும்போது மட்டும் அப்பா, பட்டா கையில் இருக்கிற மாதிரிச் சொல்வார்.

அந்தக் கட்டைக்காரர்களுக்குத் தலைவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு அண்ணன். இந்த ஆடிக்கு அப்பா வருகிறாரா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் வேறொருவரை அந்தச் சக்கரத்துக்குப் பழக்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை வந்து கேட்டார். அப்பா நேராகப் பதில் சொல்லாமலிருக்கக் கண்டுபிடித்த வழிதான் டிவி.

"மாப்ள, ஆடிக்கு என்ன சொல்லுத?"

"ஏலே, சத்தத்தக் கூட்டு."

நான் போனை டிவியோடு இணைத்துக் கொடுத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஏதோ குளிர் தேசத்து மலையில் பனி ஒலிம்பிக்ஸ் நடந்தது. சாயங்காலம் நான் வேலைவிட்டு வரும் நேரமும் அங்கே ஆட்டம் சூடுபிடிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. கிரிக்கெட் என்றால் அப்பாவே எல்லாம் சொல்லிவிடுவார். இதில் பேச்சு முழுக்க இங்கிலீஷ். எங்கள் வீட்டில் இங்கிலீஷில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது என் பொறுப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டு, ஃபிரிட்ஜோடு வந்த புத்தகம், இப்போது பனி.

அம்மா ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சுருட்டி மடித்துப் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறாள். ஆகவே அவள் எல்லா விளையாட்டையும் ஒரே கோணத்தில்தான் பார்த்தாள். மலைச்சரிவில் ஒரு பெண் கம்பத்தில் மோதி உருண்டு போனால் நாங்கள் பதறுவோம். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆறு இஞ்சு கட்டு பத்தாது. எட்டு இஞ்சு வேணும்" என்பாள். ஒரே நாளில் நாலு பேர் விழுந்தபோது, "ஓவர்டைம் இருக்கும் போல" என்றாள். இரக்கமில்லாமல் சொன்னதல்ல, அந்தப் பெண் எழுந்து கையசைத்ததும் முதலில் கும்பிட்டது அம்மாதான்.

மெல்லிய சட்டையில் ஐஸ் மேல் சுழன்று ஆடும் ஜோடிகளைப் பார்த்து, "ஒரு ஸ்வெட்டர் போட்டா மார்க்கக் கொறச்சுருவானா?" என்று கேட்டாள். எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது ஆட்டமே அல்ல. ஆடி முடித்தவர்கள் கோச்சுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மார்க் வருவதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அந்த இடம்தான். பிளஸ் டூ ரிசல்ட் அன்று பிரௌசிங் சென்டரில் நான் உட்கார்ந்திருந்த முகம் அது. பூவெல்லாம் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

பனிப்புழுதி பறக்கும்போதெல்லாம் அப்பா, "எங்க ப்ளோ ரூம் இதவிட மோசம்லே. மாஸ்க் போடச் சொல்லு அவன" என்பார். சின்னப் பலகையில் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு குழாய்க்குள் பாய்கிற ஆட்டம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மட்டும், "இப்படி எங்க ஊர்ல ஒரே ஒரு தடவதான் போவோம். அதுவும் நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க" என்றார்.

அப்புறம் ஒரு நாள் கர்லிங் வந்தது.

ஐஸ் தரை. தேநீர்க் கெண்டி போல மேலே கைப்பிடி வைத்த, உருண்டையான பெரிய கருங்கல். ஒருத்தர் அதைத் தரையோடு தள்ளிவிட, அது மெல்ல நகர்ந்து போகிறது. அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடிக்கொண்டே தரையைத் தேய்க்கிறார்கள். தூரத்தில் வட்டம் வட்டமாகக் கோலம். கல் அதன் நடுவில் போய் நிற்க வேண்டும். கோலத்துக்குள் ஒருத்தர் துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துகிறார்.

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கனமான சாமான். தானா வருது. முன்னால ரெண்டு பேரு குனிஞ்சுகிட்டே போறான். ஏலே, இவன் கட்டை போடுறவன்லா?"

வர்ணனையாளர் படபடவென்று பேசினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல அந்த நேரத்தில் என் டிப்ளமா இடம் தரவில்லை.

"ஆமாப்பா. தேய்ச்சா கல்லு நிக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு விளையாட்டு கிடையாது. மாமா வந்தார்; கேட்க வந்த கேள்வியை மறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கட்டைக்காரர்களும் சிவப்புச் சட்டை அணியைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். கல் வேகமாக வந்தால் "போடு, போடு! தேய்யி!" என்று கத்துவார்கள். சிவப்புச் சட்டை உயிரைக் கொடுத்துத் தேய்க்கும். கல் நிற்காமல் கோலத்தைத் தாண்டிப் போய்விடும்.

"என்னத்தப் போட்டான் பாரு. சாய்வு சரியில்ல மச்சான்."

"அவனுக்கு இடுப்பே வளையல மாப்ள. இவனெல்லாம் நம்ம தெக்கு ரத வீதி மூலையில வுட்டா, தேரு நேரா மெடிக்கல் ஷாப்புக்குள்ள போயிரும்."

சில சமயம் தேய்ப்பவர்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா நடப்பார்கள். கல் பாதியிலேயே சோர்ந்து நின்றுவிடும். அதற்கும் இருவரும் காரணம் வைத்திருந்தார்கள். தரையில் ஏதோ கோளாறு. அம்மா மட்டும் ஒரு தடவை, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "தேய்ச்சா நிக்கும்ங்கீக. தேய்க்காமலே நின்னுபோச்சே?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள் இருவரும். நானும் அம்மாவை அப்படித்தான் பார்த்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கம்பெனியில் டீ நேரத்தில் போனில் தேடிப் படித்தேன். தேய்த்தால் ஐஸ் லேசாக இளகி, வழுக்கல் கூடி, கல் இன்னும் தூரம் போகுமாம். வளையாமல் நேராகவும் போகுமாம். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை, எழுதியவருக்குத் தப்பாயிருக்கலாமோ என்று இன்னொன்றைத் திறந்து பார்த்தேன். அவரும் அதையே சொன்னார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆட்டம் இன்னும் நாலைந்து நாளில் முடிந்துவிடும். ஆனால் தப்பான தகவலைக் கொடுத்துவிட்டு ராத்திரி சோறு சாப்பிட என்னால் முடியாது. அன்று சாயங்காலம், மாமாவும் இருக்கும்போதே, சொல்லிவிட்டேன்.

அப்பா டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"அப்ப முன்னால போறவன் நிப்பாட்டுறதுக்கு இல்லியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. போக வைக்கிறதுக்கு."

"ஒரு வாரமா நாம எதிராளிக்கா கத்திக்கிட்டு இருந்தோம்?"

மாமா வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "படிக்க வச்சியே மாப்ள, நல்லா படிக்க வச்ச! கல்லு ஓடுதா நிக்குதான்னு தெரிய ஒரு டிப்ளமா!"

அம்மா வெங்காயத்தை உரித்து முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கிவிட்டுப் போனாள்.

சிரித்து ஓய்ந்ததும் மாமாவுக்குத் தன் கேள்வி ஞாபகம் வந்துவிட்டது. "சரி மாப்ள. வெளையாட்டு போதும். ஆடிக்கு என்ன சொல்லுத?"

அப்பா இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை. தோற்ற கோபமோ என்னவோ, "வாரேன். எம்பேரச் சேத்துக்கோ" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி வந்தாள். "வாரீகளா? எங்க, ஒரே ஒரு தடவ குத்தவச்சு எந்திரிங்க பாப்போம்."

"இப்ப எதுக்கு?"

"தேருக்குன்னா மட்டும் வளையும், வீட்ல வளையாதா? எந்திரிங்க."

அப்பா எழுந்தார். கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். பாதியில் முகம் மாறியது. அதற்குக் கீழே போகவில்லை; மேலேயும் வர முடியவில்லை. நானும் மாமாவும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தோம். டிவியில் சிவப்புச் சட்டைக்காரர்கள் எதற்கோ கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். யாரும் பார்க்கவில்லை. மாமா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "நான் பொறவு வாரேன்" என்று கிளம்பினார்.

அதோடு அப்பா டிவி பார்ப்பதை விட்டார். பனி ஒலிம்பிக்ஸ் முடிந்ததே எங்களுக்குத் தெரியாது. மாமா வந்தாலும் தேரைப் பேசுவதில்லை. மழை, கல்யாணம், யார் வீட்டில் என்ன. போகும்போது அப்பாவின் முட்டியை ஒரு பார்வை பார்ப்பார். வலது சக்கரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாசிக் கடைசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அதே ஐஸ் தரை, அதே கோலம். ஆனால் ஆடுகிறவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பனி ஒலிம்பிக்ஸ் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. டிவியில் போட்டேன். கற்றுக்கொண்ட பாடத்தால், அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக்கு பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கல் உரசும் அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பினார்.

"இவனுகள்ல தேய்க்கிறவனே இல்லியா?"

"இல்லப்பா."

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நீளக் கம்பின் நுனியைக் கல்லின் கைப்பிடியில் மாட்டி, மெதுவாகத் தள்ளிவிட்டார். அவர் நாற்காலி பின்வாங்காமலிருக்க இன்னொருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார். கல் தனியாகப் போயிற்று. யாரும் கூட ஓடவில்லை.

"வுட்டா வுட்டதுதான் போல" என்றார் அப்பா. பிறகு எழுந்து உட்கார்ந்தார். "கோலத்துக்குள்ள ஒருத்தன் இருக்கானே, அவனும் நாற்காலியிலதான். கையில கம்பு வச்சுத் தரையத் தொட்டுக் காட்டுறான். என்ன செய்யுறான்?"

"எங்க வரணும்னு காட்டுறாரு. அவரு காட்டுன எடத்தப் பாத்துத்தான் இவரு விடுறாரு."

"அவன் அங்கேருந்து கல்லத் தொடுறானா?"

"தன்னோட முறை வந்தா தள்ளுவாரு. மத்தபடி அங்கேருந்து காட்டுறதுதான். அவருதான் டீமுக்குத் தலைவரு."

அப்பா மூன்று நாள் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். சத்தமே போடவில்லை. யார் ஜெயித்தார்கள் என்றும் கேட்கவில்லை. தலைவர் கம்பை எங்கே வைக்கிறார், கல் எங்கே வந்து நிற்கிறது என்பதை மட்டும் பார்த்தார். "பத்து வெரக்கடை முன்னால காட்டியிருக்கணும்" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். அது சரியாகவும் இருந்தது. நாலாம் நாள் என்னிடம் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டார்.

"மச்சான், மூலை திரும்பும்போது கட்டை போடுறவனுக்கு யாரு காட்டுறா?"

ஸ்பீக்கரில் மாமா யோசித்தார். "யாரு காட்டுவா? நான்தான் கத்துவேன். எனக்கும் கையில கட்டை இருக்கும். அந்தச் சத்தத்துல எவன் காதுல வுழுது?"

"குனிஞ்சவனுக்குச் சக்கரம் மட்டும்தான் தெரியும். தேரு தெரியாது. பத்தடி முன்னால ஒருத்தன் நின்னு, இங்கன போடுன்னு தரையத் தொட்டுக் காட்டணும். அத நான் காட்டுதேன். வலது சக்கரத்துக்கு நீ போ."

"நீ கம்ப நீட்டுவ, ஊரு பாக்க நான் குனிஞ்சு போடணுமாக்கும்?"

"பின்ன நான் குனியட்டுமா? டாக்டர்ட்ட நீயே கேட்டுச் சொல்லு."

மாமா, "எம்புட்டு நாளு யோசிச்ச இத?" என்றார்.

"டிவி பாத்தேன்" என்றார் அப்பா.

அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவில் ஒத்திகை நடந்தது. நீல நிறத் தண்ணீர் டிரம்மில் பாதி தண்ணீர் ஊற்றி மூடி, நான் உருட்டிவிட வேண்டும். மாமா விறகுத் துண்டோடு பக்கத்தில் குனிந்து வருவார். அப்பா முன்னால் நின்று இடம் காட்டுவார். முதல் நாள் கையால் காட்டினார், மாமாவுக்குத் தெரியவில்லை. துண்டை ஆட்டினார், டிரம் அம்மாவின் துளசிச் செடியில் போய் முட்டியது. அம்மா வெளியே வந்து டிரம்மைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், உள்ளே போனாள். திரும்பி வரும்போது, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய கைத்தடி அவள் கையில் இருந்தது. அதை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அதை வாங்கித் தரையில் ஒரு புள்ளியைத் தொட்டார். டிரம் வந்தது. மாமா விறகைக் கொடுத்தார். டிரம் முனகி, திரும்பி, எதிர்வீட்டுக் கோலத்தின் ஓரத்தில் நின்றது.

ஆடிப்பூரத்தன்று தெற்கு ரத வீதி மூலையில், கூட்டத்தின் முதுகில் தொற்றிக்கொண்டு நான் பார்த்தேன். தேர் ஆடி அசைந்து வந்தது. சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் அப்பா, வாயில் விசில், கையில் தடி, பின்பக்கமாகவே நடந்து வந்தார். தடி தரையைத் தொட்டது. மாமா குனிந்து கட்டையைக் கொடுத்துக் கையை எடுத்தார். தேர் தயங்கிற்று. மூக்கைக் கொஞ்சமாகத் திருப்பிற்று. அப்பா தடியை ஒரு சாண் தள்ளி வைத்தார். மறுபடி கட்டை, மறுபடி ஒரு முனகல். மூன்றாவதில் தேர் முழுசாகத் திரும்பி, அடுத்த வீதியைப் பார்த்து நின்றது. கூட்டம் கத்திய கத்தலில், என் முன்னால் நின்றவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது: "கம்போட நிக்காரே, அவிய யாரு? ஆபீசரா?"

சாயங்காலம் அப்பாவின் முட்டி வீங்கியிருந்தது. அம்மா தன் கம்பெனி க்ரேப் பேண்டேஜை எடுத்து, ஆறு இஞ்சா எட்டு இஞ்சா என்று அளந்து பார்த்து, சுற்றத் தொடங்கினாள். மாமா சுவரில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் கத்துனது ஒண்ணும் உனக்குக் கேக்கல, உன் கம்பு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது மாப்ள" என்று முனகினார். அவர் வாயிலிருந்து பாராட்டு என்று வந்தால் அவ்வளவுதான் வரும்.

"அதான் கம்பு பழகிப்போச்சுல்ல" என்றாள் அம்மா. "நாளைலேருந்து கடைக்குப் போகும்போதும் ஊனிப் போங்க."

"அது தேருக்குன்னு உள்ள கம்பு" என்றார் அப்பா. "தெருவுக்கு எடுக்கக் கூடாது."

மறுநாள் அது மறுபடி காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. அதில் குங்குமம் வைத்திருந்தது.

சில நாள் கழித்து அப்பா, கர்லிங் மறுபடி எப்போது வரும் என்று கேட்டார். மற்ற போட்டிகள் வருஷா வருஷம் உண்டு, ஆனால் ஒலிம்பிக்ஸ் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்று, இந்தத் தடவை போனில் பார்த்து உறுதி செய்துகொண்டே சொன்னேன்.

அப்பா நம்பவில்லை. "நாலு வருசமா? வருசா வருசம் ஓட்டியே நமக்கு மூலையில கைவிரல் நடுங்குது. அம்புட்டு நாளு வுட்டா அவனுகளுக்கு மறந்துருமேலே" என்றார், அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்களைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டு.